இரண்டாவது வன்தட்டு

ஒரு குடும்பத்தின் அருமையான பொருள்கள் எங்கே இருக்கின்றன என்று முன்னாளில் தோட்டப்புறத்து வீடொன்றில் கேட்டிருந்தால், கட்டிலுக்கடியில் கிடக்கும் தகரப் பெட்டியைக் காட்டியிருப்பார்கள். பிறப்புப் பத்திரமும் அடையாள அட்டையும், கப்பலேறி வந்த பாட்டனாரின் பழுப்பேறிய புகைப்படமும் அதற்குள்ளேதான் இருக்கும். இன்று அதே கேள்விக்கு விடை வேறு. கூடத்து மூலையில் மேசைக்கடியில் நிற்கும் கணினியைத்தான் பலர் காட்டுவர். அந்தக் கணினிக்குள்ளும், உண்மையில் எல்லாம் அடங்கியிருப்பது உள்ளங்கையளவுள்ள ஓர் உலோகப் பேழையிலேதான். தகரப் பெட்டி நிறைந்தால் மூடி எழும்பி நின்று காட்டிக் கொடுத்துவிடும். வன்தட்டு நிறைவது வெளியே தெரிவதில்லை. ஒருநாள் திரையில் நீலக்கோடு சிவப்பாக மாறும், அவ்வளவுதான்.

கிள்ளானில் வாழும் ஓய்வுபெற்ற தமிழாசிரியர் ஒருவரின் வீட்டில் 2022-ஆம் ஆண்டில் அந்தச் சிவப்புக்கோடு தோன்றியது. 2013-இல் வாங்கிய கணினி அது. அதனுள் இருந்தது 500 கிகாபைட் வன்தட்டு. கடிதமும் கட்டுரையும் எழுதுகிறவருக்கு அத்துணை இடம் ஏழு பிறவிக்கும் போதும். எழுத்து இடத்தை அடைப்பதில்லை. ஆயிரம் பக்க நாவலொன்றும் சில மெகாபைட்டுக்குள் அடங்கிவிடும். இடத்தை விழுங்குபவை ஒலியும் ஒளியுமே.

ஆசிரியர் தம் பணிக்காலத்தில் ஒரு வேலை செய்திருந்தார். தோட்டப் பள்ளிகளில் கற்பித்த நாள்களில், மாலை வேளையில் ஒலிப்பதிவுக் கருவியைத் தூக்கிக்கொண்டு லயத்து வீடுகளுக்குப் போவார். மூதாட்டிகள் பாடிய தாலாட்டு, நடவுப்பாட்டு, ஒப்பாரி, பால்மரக் காட்டில் பெண்கள் எசப்பாட்டாகப் பாடியவை ஆகியவற்றை நாடாக்களில் பதிந்து வைத்தார். மொத்தம் 74 நாடாக்கள். தோட்டங்கள் துண்டாடப்பட்டு வீடமைப்புத் திட்டங்களாக மாறின. பாடியவர்களும் ஒவ்வொருவராக மறைந்தனர். நம் நாட்டு ஈரக்காற்றில் நாடாக்களில் வெண்பூஞ்சை படரத் தொடங்கியபோது, அவர் அவற்றைக் கணினியில் ஏற்றினார். குறுக்காமல், தரம் குறையாமல் ஏற்றினார். அவ்வாறு ஏற்றினால் ஒரு மணி நேர ஒலி ஏறத்தாழ 635 மெகாபைட் ஆகும். தொண்ணூறு நிமிட நாடாக்கள் 74 என்றால், அவை மட்டுமே 70 கிகாபைட். பள்ளி ஆண்டு விழாக்களின் ஒளிப்பதிவு 15 மணி நேரம். மணிக்கு 13 கிகாபைட் வீதம் அது கிட்டத்தட்ட 200. பழைய கையெழுத்து இதழ்களை நுண்ணிய தரத்தில் வருடி எடுத்த பக்கங்கள் ஆயிரத்திற்கு மேல். பக்கமொன்று 100 மெகாபைட். இவற்றோடு இயங்குதளமும் தன் பங்கைக் கேட்கும். வன்தட்டு நிறைந்ததில் வியப்பொன்றுமில்லை.

கணினியில் ஏற்றி முடித்ததும், பூஞ்சை பிடித்த நாடாக்களை அவர் எறிந்துவிட்டார். இச்செய்தியை வாசகர் மனத்தில் வைத்துக்கொள்வது நல்லது.

புதிய கணினி வாங்குமாறு கடைக்காரர் சொன்னார். கடைக்காரர்கள் வேறென்ன சொல்வார்கள்? ஆயின், மேசைக் கணினியின் சிறப்பே அதன் வயிற்றில் இன்னும் இடமிருப்பதுதான். கைக்கணினி வாங்குகிறவர்களுக்கு இந்த நற்பேறு பெரும்பாலும் கிட்டுவதில்லை. பெட்டியைத் திறந்து இன்னொரு வன்தட்டைப் பொருத்துவது, மின்விசிறியைக் கூரையில் மாட்டுவதைவிட எளிது. ஆசிரியரின் முன்னாள் மாணவர் ஒருவர் இத்தகைய வேலைகளில் கைதேர்ந்தவர். அவர் சொன்னபடி 4 டெராபைட் வன்தட்டு ஒன்று வாங்கப்பட்டது. திண்மநிலை வட்டு வாங்கலாகாதா என்று ஆசிரியர் கேட்டார். செய்தித்தாளில் அதன் விரைவைப் பற்றிப் படித்திருந்தார். மாணவர் மறுத்தார். இயங்குதளத்திற்கு அது மிக நன்று. ஆனால் பெருந்தொகையான கோப்புகளைச் சேமித்து வைப்பதற்குச் சுழலும் தட்டே காசுக்கேற்ற இடம் தரும். மேலும், திண்மநிலை வட்டு மின்னேற்றமாகவே செய்தியைத் தேக்குகிறது. மின்சாரம் இன்றி நெடுங்காலம் அலமாரியில் கிடந்தால் அத்தேக்கம் கசியக்கூடும்.

வன்தட்டு என்ற இச்சாதனத்தின் வரலாறு கேட்கத் தக்கது. 1956-இல் ஐ.பி.எம். நிறுவனம் வெளியிட்ட முதல் வன்தட்டில் 24 அங்குல விட்டமுள்ள 50 தட்டுகள் இருந்தன. எடை ஒரு டன்னுக்கும் மேல். அது தாங்கியது ஐம்பது இலட்சம் எழுத்துகளை. ஆசிரியர் கையில் ஏந்தி வந்த பேழை அதனினும் எட்டு இலட்சம் மடங்கு கொள்ளும்.

இவ்வரலாற்றில் இவ்வட்டாரத்து மக்களுக்கும் பங்குண்டு. பினாங்கில் பாயான் லெப்பாஸ் தடையற்ற வணிக வட்டாரம் 1972-இல் திறக்கப்பட்டது. மின்னணுத் தொழிற்சாலைகள் வந்தன. சீகேட் நிறுவனம் 1982-இல் சிங்கப்பூரில் வன்தட்டு உற்பத்தியைத் தொடங்கியது. அந்தச் சின்னஞ்சிறு தீவு பின்னர் உலகிலேயே மிகுதியாக வன்தட்டுச் செய்யும் இடமாகப் பல ஆண்டுகள் விளங்கியது. வெஸ்டர்ன் டிஜிட்டல் நிறுவனம் பெட்டாலிங் ஜெயாவிலிருந்த தன் வன்தட்டுத் தொழிற்சாலையை மூடப்போவதாக 2018-இல் அறிவித்தது. 2011-இல் தாய்லாந்தில் வெள்ளம் வந்தபோது அங்கிருந்த தொழிற்சாலைகள் மூழ்கி, உலகெங்கும் வன்தட்டின் விலை ஏறிற்று.

மாணவரின் தாயாரே இத்தகைய தொழிற்சாலையொன்றில் வேலை செய்தவர். பால்மரம் சீவிய கை, பிறகு வெள்ளை அங்கியும் கையுறையும் முகக்கவசமும் அணிந்து, கண் மட்டும் தெரிய, தூசியற்ற அறையில் நுண்கருவிகளைப் பிடித்தது. அந்த அம்மையார் வீட்டில் பிள்ளைகளிடம் அடிக்கடி சொல்வாராம்: “ஒரு தூசு போதும், தட்டு போய்விடும்.” மிகைக் கூற்றன்று அது. தட்டு நொடிக்கு 120 சுற்றுச் சுழல்கிறது. அதன்மேல் படிப்புமுனை மிதக்கும் உயரமோ சில நானோமீட்டர். தலைமயிரின் பருமனில் பல்லாயிரத்தில் ஒரு பங்கு. அந்த இடைவெளிக்கு முன்னே ஒரு துகள் தூசு மலையே அல்லவா? வன்தட்டின் மூடியைத் திறக்கலாகாது என்பதும், சுழலும்போது அதனை அசைக்கலாகாது என்பதும் இதனாலேதான்.

ஒரு சனிக்கிழமை முற்பகலில் வேலை தொடங்கியது. கணினியை அணைத்து, மின்கம்பியைச் சுவரிலிருந்து பிடுங்கினர். பிடுங்கிய பிறகும் மாணவர் இயக்கு பொத்தானைச் சில நொடிகள் அழுத்தினார். உள்ளே தேங்கி நிற்கும் மின்சாரம் வடிவதற்கு. பக்கத்துத் தகட்டைக் கழற்றியதும், பத்தாண்டுத் தூசு பஞ்சு போலத் திரண்டிருந்தது. மூலையில் பல்லி முட்டை இரண்டு.

“தொடுவதற்கு முன்னே பெட்டியின் இரும்பைத் தொடுங்கள் ஐயா. உடம்பில் நிலைமின்சாரம் இருந்தால் அதில் இறங்கிவிடும்.”

ஆசிரியர் தொட்டார். பாடம் சொன்னவர் பாடம் கேட்பது ஓர் அழகு.

வன்தட்டு இருக்கும் கூட்டில் பழையதற்குக் கீழே ஓர் இடம் காலியாக இருந்தது. புதியதைச் செருகி, இருபுறமும் இரண்டிரண்டாக நான்கு திருகாணிகளை முடுக்கினர். தளர்ந்திருந்தால் தட்டு அதிரும். அதிர்ந்தால் ஆயுள் குறையும். பிறகு இரண்டே இணைப்புகள். ஏழு தொடுமுனைகள் உள்ள மெல்லிய தரவுக்கம்பியின் ஒருமுனை தாய்ப்பலகையில், மறுமுனை வன்தட்டில். பதினைந்து முனைகள் உள்ள அகலமான மின்கம்பி, மின்வழங்கியிலிருந்து. இரண்டு செருகுவாய்களும் ‘எல்’ வடிவில் வளைந்திருப்பதால் தலைகீழாகச் செருக இயலாது. முரண்டு பிடித்தால் அழுத்தக்கூடாது. திருப்பிப் பார்க்க வேண்டும்.

இவ்வளவு எளிமையும் 2003-இல் சாட்டா முறை வந்த பிறகு அமைந்ததே. அதற்கு முன்னே, நாற்பது முனைகள் உள்ள பட்டைக்கம்பி ஒன்றிலேயே இரண்டு வன்தட்டுகளை மாட்டுவர். ஒன்றை ‘ஆண்டான்’ என்றும் மற்றொன்றை ‘அடிமை’ என்றும் சின்னஞ்சிறு கொக்கியால் குறிக்க வேண்டும். குறி தவறினால் இரண்டும் வேலை செய்யா. ஆங்கிலத்தில் பொறியாளர்கள் வைத்த பெயர்களே அவை. துறையினர் அண்மைக் காலத்தில் அச்சொற்களைக் கைவிட்டு வருகின்றனர். மாணவர் இதனை விளக்கியபோது ஆசிரியர் சிரிக்கவில்லை. ஒப்பந்தக் கூலிகளாக வந்தவர்களின் வழித்தோன்றல் அவர், மூன்றாம் தலைமுறை. “கம்பிக்குக்கூட அந்தப் பெயரா தம்பி?” என்று மட்டும் கேட்டார்.

கணினி மீண்டும் இயங்கியது. புதிய வன்தட்டு எங்கும் காணப்படவில்லை! புதிதாகப் பொருத்துகிறவர்கள் பெரும்பாலும் இந்த இடத்தில் கலங்கிப் போய், கடைக்குத் திரும்ப ஓடுகின்றனர். ஓட வேண்டியதில்லை. வெறும் நிலம் வாங்கினால் போதாது. அளந்து, எல்லைக்கல் நட்டு, மனைக்கு எண் கொடுத்தால்தான் அஞ்சல்காரர் வருவார். அதற்கென இயங்குதளத்திலேயே வட்டு மேலாண்மை என்ற பகுதி இருக்கிறது. எம்.பி.ஆர்., ஜி.பி.டி. என்ற இரு எல்லை முறைகளுள் எது வேண்டும் என்று அது கேட்கும். முன்னது பழையது, ஏறத்தாழ 2 டெராபைட்டுக்கு மேல் அதற்கு எண்ணத் தெரியாது. நான்கு டெராபைட் தட்டில் அதனைத் தேர்ந்தால் பாதி நிலம் தரிசு. ஆகவே ஜி.பி.டி. தேர்ந்தெடுக்கப்பட்டது.

அடுத்த படியில்தான் ஆபத்து. எந்தத் தட்டை அழித்து வடிவமைக்க வேண்டும் என்று கணினி கேட்கிறது. திரையில் ‘தட்டு 0’, ‘தட்டு 1’ என்று இரண்டு வரிசைகள். ஒன்றில் நாற்பதாண்டு உழைப்பு, மற்றொன்று வெறுமை. சுட்டியின் ஒரு சொடுக்கில் எல்லாம் மாறிப் போகலாம். மாணவர் சுட்டியிலிருந்து கையை எடுத்துவிட்டார்.

“கொள்ளளவைப் படியுங்கள் ஐயா. உரக்கப் படியுங்கள்.”

ஆசிரியர் வகுப்பில் செய்யுள் படிப்பது போல நிறுத்தி நிறுத்திப் படித்தார். தட்டு 0: 465 கிகாபைட். தட்டு 1: 3.63 டெராபைட், ஒதுக்கப்படாதது. படித்தவர் நிமிர்ந்தார். நான்கு என்று சொல்லித்தானே கடைக்காரர் காசு வாங்கினார்? பாவம், கடைக்காரர் குற்றமற்றவர். உற்பத்தியாளர் ஆயிரம் ஆயிரமாக எண்ணுகிறார். இயங்குதளம் 1,024 ஆக எண்ணுகிறது. மரக்காலின் அளவு ஊருக்கு ஊர் வேறுபட்டது போல. நெல் குறையவில்லை. ஆசிரியர் அமைதியுற்றார், தட்டு 1 வடிவமைக்கப்பட்டு, புதிய எழுத்தொன்று பெற்றுத் திரையில் தோன்றியது.

“இனி எல்லாவற்றையும் இங்கே மாற்றிவிடலாம். பழையதில் இடம் கிடைக்கும்” என்றார் ஆசிரியர்.

“ஐயா, இதை இடத்திற்காக வாங்கினீர்களா, காவலுக்காக வாங்கினீர்களா?”

இந்தக் கேள்விக்கு ஆசிரியரிடம் விடையில்லை. இரண்டாவது வன்தட்டு வாங்கும் பலரிடமும் இருப்பதில்லை. ஒரு தட்டிலிருந்து எடுத்து இன்னொரு தட்டில் வைத்தால் இடம் பெருகுமே அன்றிப் படி பெருகாது; முன்னும் ஒன்று, பின்னும் ஒன்று. புதிய தட்டு பழுதானால் எல்லாம் போயிற்று. ஓலைச்சுவடி செல்லரிக்கும் என்றறிந்த முன்னோர், சுவடியை வேறு பரணுக்கு மாற்றியதோடு நிற்கவில்லை, அமர்ந்து படியெடுத்தார்கள். படியெடுத்தவை வாழ்ந்தன.

விடை கூறுமுன் மாணவர் பழைய தட்டின் உடல்நிலையைப் பார்த்தார். வன்தட்டுகள் தம்மைப் பற்றிய கணக்கொன்றைத் தாமே எழுதி வைக்கின்றன; ஸ்மார்ட் என்று அதற்குப் பெயர். ஓடிய காலம் 19,000 மணிக்கு மேல். அதனால் கேடில்லை. ஆனால் பழுதாகி மாற்றிடம் தரப்பட்ட துண்டங்கள் பல; படிக்க இயலாமல் நிலுவையில் நிற்பவை சில. தட்டு சாகத் தொடங்கியிருந்தது. இடம் போதவில்லை என்ற சிறு தொல்லைக்காகத் திறந்த பெட்டியில் இந்தப் பெருந்தொல்லை இருந்தது.

அதற்குப் பிறகு இடத்தைப் பற்றி யாரும் பேசவில்லை. எதை முதலில் எடுப்பது என்பதே பேச்சு. இத்தகைய வேளையில் பலரும் வரிசைப்படி எல்லாவற்றையும் படியெடுக்கத் தொடங்குவர். இயங்குதளத்தின் கோப்புகளையும், திரும்பவும் கிடைக்கக்கூடிய திரைப்படங்களையும் எடுத்துக் கொண்டிருக்கும்போதே தட்டு உயிரை விட்டுவிடும். வேறெங்கும் கிடைக்காதது எதுவோ அதுவே முதலில் வரவேண்டும். ஆசிரியர் தயங்கவில்லை. பாட்டுகள், பிறகு கையெழுத்து இதழ்கள், பிறகு விழா ஒளிப்பதிவு.

நல்ல தட்டாயின் ஒன்றரை மணி நேரத்தில் முடிந்திருக்க வேண்டிய வேலை, இரவு பத்தைத் தாண்டியது. எழுபத்து மூன்று நாடாக்களின் ஒலி வந்துவிட்டது. ஒன்று மட்டும் வரவில்லை. பாதியில் நின்று பிழை என்றது. மறுபடி முயன்றால் அதே இடத்தில் மறுபடி பிழை. அது 1980-களில் ஒரு மூதாட்டி பாடிய தாலாட்டுத் தொகுப்பு. குழந்தையைத் தொட்டிலில் இட்டு வேலைக்குப் போக வேண்டிய தாய், விடியுமுன் பாடியது. நாடாவோ குப்பைக்குப் போய் ஆண்டுகள் பல. ஆசிரியர் நாற்காலியில் சாய்ந்து, ஒன்றும் பேசாமல் இருந்தார்.

மாணவர் கணினியை அணைத்து, விரலளவுக் கருவியொன்றிலிருந்து லினக்ஸ் இயங்குதளத்தை ஏற்றினார். டிடிரெஸ்க்யூ என்ற இலவச மென்பொருள் அதில் உண்டு. சாதாரணப் படியெடுப்பு, படிக்க முடியாத ஒரு துண்டத்தைக் கண்டால் கோப்பு முழுவதையும் கைவிடும். இம்மென்பொருள் அவ்வாறு செய்யாது. கெட்ட இடத்தைத் தாண்டிச் சென்று நல்லவற்றையெல்லாம் முதலில் எடுத்துக்கொண்டு, பிறகு திரும்பி வந்து கெட்டவற்றைச் சிறிது சிறிதாகச் சுரண்டிப் பார்க்கும். இறுதிவரை படியாதவற்றின் இடத்தை வெறுமையாக விட்டுவிடும். நள்ளிரவு வரை அது சுரண்டியது. முடிவில் மீளாதவை பதினொரு துண்டங்கள். ஒவ்வொன்றும் 4,096 பைட்.

ஆசிரியர் அன்று ஒலியைக் குறுக்காமல் ஏற்றியிருந்தாரே, அதன் பயன் இப்போது தெரிந்தது. பொதியாகச் சுருக்கி வைத்த கோப்பாயிருந்தால் ஓரிடத்துச் சிதைவு முழுவதையும் கெடுத்திருக்கக் கூடும். குறுக்காத ஒலியில் ஒரு பைட் அழிந்தால் அழிந்தது அந்த ஒரு பைட் அளவே. நொடிக்கு 1,76,400 பைட் ஓடும் ஒலியில் பதினொரு துண்டங்கள் என்பது கால் நொடி. வெறுமை என்பது ஒலியில் மௌனமே ஆகும். இருவரும் கேட்டனர். கண்ணே என்று தொடங்கிய குரல், மூன்றாம் பாட்டின் நடுவே மூச்சு வாங்குவது போல ஒரு கணம் நின்று, மறுபடி தொடர்ந்தது. தெரியாதவர் கேட்டால் மூதாட்டி இருமலை அடக்கினாள் என்றே எண்ணுவர்.

மறுவாரம் பழைய தட்டுக்கு ஓய்வு கொடுத்து, இயங்குதளத்திற்கென ஒரு சிறிய திண்மநிலை வட்டு பொருத்தப்பட்டது. ஒரே அளவிலான இரு தட்டுகளைக் கண்ணாடியும் உருவும் போல இணைக்கும் முறையைப் பற்றி ஆசிரியர் எங்கோ படித்துவிட்டுக் கேட்டார். தட்டொன்று பழுதானால் அது காக்கும். கைதவறி அழித்தால் இரண்டிலும் ஒருசேர அழியும். அது படியாகாது. ஒரே பெட்டிக்குள் எத்தனை தட்டுகள் இருந்தாலும் ஓர் இடிமின்னலுக்கு அவை ஒன்றே. கிள்ளான் பள்ளத்தாக்கில் இடிமின்னலுக்குப் பஞ்சமில்லை. 2021-ஆம் ஆண்டு டிசம்பரில் ஷா ஆலம் தாமான் ஸ்ரீ மூடாவில் வெள்ளம் வீட்டுக்குள் ஏறியபோது, மேசைக்கடியில் இருந்த கணினிகளைத் தூக்கி வைக்க யாருக்கு நேரமிருந்தது? ஆதலால் இன்னொரு படி வேறோர் ஊரில் இருக்க வேண்டும் என்று முடிவாயிற்று. கையடக்கப் புறத்தட்டு ஒன்று வாங்கப்பட்டது.

எழுத்துக் கோப்புகளில் வேறொரு சிக்கல் இருந்தது. 1990-களில் அவர் தட்டெழுதிய வினாத்தாள்களும் கட்டுரைகளும் அக்காலத்து எழுத்துருக்களில் அமைந்தவை. முத்து நெடுமாறனின் முரசு மென்பொருள் 1985-இல் தோன்றியது முதல் மலேசியத் தமிழாசிரியர் பலர் கணினியில் தமிழ் எழுதினர். ஆனால் ஒருங்குறி பரவும் வரை குறியீடுகள் பலவாக இருந்தன. உரிய எழுத்துரு இல்லாத கணினியில் அக்கோப்பைத் திறந்தால் தமிழுக்குப் பதிலாகப் பிறமொழி எழுத்துகள் சிதறிக் கிடக்கும். பழுதில்லாத் தட்டில் பத்திரமாக இருந்தும் படிக்க இயலாத கோப்பு, பூட்டிய பெட்டியில் சாவியை உள்ளேயே வைத்தது போன்றது. ஆகவே எழுத்துருக்களையும் கோப்புகளோடு சேர்த்துப் படியெடுத்தனர். மாதத்திற்குச் சிலவாக ஒருங்குறிக்கு மாற்றும் வேலை ஆசிரியருடையதாயிற்று. மாணவர்களின் பழைய கட்டுரைகள் அவ்வேலையினிடையே அவரை அடிக்கடி நிறுத்தி வைத்தன. திருத்தாமல் விட்ட ஒற்றுப்பிழை ஒன்றிரண்டையும் கண்டுபிடித்தாராம்.

பள்ளி விடுமுறையில் ஈப்போவிலிருந்து மகள் வந்தாள். திரும்பிப் போகும்போது, துணியில் சுற்றிய புறத்தட்டை ஆசிரியர் அவளிடம் கொடுத்தார். அதன்மேல் ஒட்டியிருந்த தாளில், தம் முத்துப் போன்ற கையெழுத்தில் நாளும் உள்ளடக்கமும் எழுதி, ஆறு மாதத்திற்கு ஒருமுறை இயக்கிப் பார்க்க வேண்டும் என்றும் குறித்திருந்தார்.

“எங்கே வைக்கட்டும் அப்பா?”

“உயரத்தில் வை அம்மா. வெள்ளம் ஏறாத இடமாக.”